சலிப்பாக இருந்தது என்று சொல்லப் பழகுவோம்

சென்ற மாதம் வாசிப்பு வட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தோம். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தார்.

"அண்ணா, எல்லாரும் கிம் கி டுக், கிம் கி டுக்னு சொல்றீங்களேன்னு 'தி ஐல்' பார்த்தேன். சத்தியமா முடியல. ஒரே ஸ்லோ. பாதிக்கு மேல வேகமா ஓட்டித்தான் முடிச்சேன். அந்த மாதிரி சீனெல்லாம் இருக்குன்னு சொன்னாங்க. இருந்துச்சு, ஆனா குமட்டுச்சு. எனக்குத்தான் புரியலையா?"

பக்கத்தில் நின்ற இரண்டு தோழர்கள் சிரித்துவிட்டார்கள். "நீ எதுக்குப் பார்த்தேன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றார் ஒருவர். "கொஞ்சம் ரசனைய வளத்துக்கணும் தம்பி" என்றார் மற்றவர். தம்பி தேநீர் கிளாசைப் பார்த்துக்கொண்டு அமைதியாகிவிட்டார்.

அந்த அமைதி எனக்கு நன்றாகத் தெரிந்தது. பல வருடங்களுக்கு முன் அதே படத்தைப் பார்த்துவிட்டு நானும் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டேன். சொல்லப்போனால் இன்னும் மோசம். அவராவது உண்மையைச் சொல்லிவிட்டு அமைதியானார். நான் பொய் சொல்லிவிட்டு அமைதியானேன்.

அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எங்கள் ஊரில் ஒரு திரைப்படக் குழு இருந்தது. மாதம் ஒரு முறை, ஒரு மாடி அறையில் வெள்ளை வேட்டியைக் கட்டி உலக சினிமா போடுவார்கள். கீழே இருசக்கர வாகனப் பட்டறை. மேலே வங்கி ஊழியர்கள், பேராசிரியர்கள், கவிஞர்கள். அந்த அறையில் காலனியிலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். யாரும் என்னை வெளியே போகச் சொன்னதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஏதோ தேர்வு எழுதப் போவதுபோல்தான் அந்தப் படியில் ஏறுவேன்.

'தி ஐல்' போட்ட அன்று வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். "வயது வந்தவர்கள் மட்டும்" என்று அறிவித்திருந்தார்கள். கீழே பட்டறையில் வேலை செய்யும் இரண்டு பேரும் கை கழுவிக்கொண்டு மேலே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். கலந்துரையாடல். ஒருங்கிணைப்பாளர் வழக்கம்போல் எல்லோரிடமும் கருத்துக் கேட்டார். பட்டறைக்காரர்களில் ஒருவர் கூச்சப்படாமல் சொன்னார்: "இதுல என்ன சார் இருக்கு? படகு போவுது. வருது. மறுபடி போவுது. மறுபடி வருது. அவ்ளோதான்."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒருங்கிணைப்பாளர் பெருந்தன்மையான குரலில், "இந்த மாதிரிப் படங்களுக்குக் கண்ணுக்குப் பயிற்சி வேணும்" என்றார்.

அடுத்து, வந்திருந்த மிகச் சில பெண்களில் ஒருவரான ஒரு பள்ளி ஆசிரியை கேட்டார்: "அந்தப் பொண்ணு ஏன் கடைசி வரைக்கும் ஒரு வார்த்தைகூடப் பேசல?" அதற்கு மௌனத்தின் கவித்துவம் பற்றிப் பத்து நிமிடம் பதில் வந்தது. அந்த அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை.

என்னிடம் கேட்டபோது "அற்புதமான படம்" என்றேன். உண்மையில் பாதி நேரம் சலிப்பாக இருந்தது. மீதி நேரம் வயிற்றைப் புரட்டியது. ஆனால் அதைச் சொன்னால் நானும் கீழே பட்டறைக்குப் போய்விடுவேனோ என்று பயந்தேன்.

இத்தனை வருடம் கழித்து யோசித்தால், அன்று அந்த அறையில் பேசப்பட்டவற்றில் உருப்படியான விமர்சனம் இரண்டே இரண்டுதான். ஒன்று, "படகு போவுது வருது." இன்னொன்று, "அந்தப் பொண்ணு ஏன் பேசல?" இரண்டையும் நாங்கள் காதில் வாங்கவில்லை.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டு வந்த படம். கொரிய மொழியில் அதன் பெயருக்குத் 'தீவு' என்றே பொருள். மலைகளுக்கு நடுவே பனிமூட்டம் படிந்த ஒரு நீர்நிலை. அதன்மேல் சிறுசிறு மிதவை வீடுகள். நகரத்திலிருந்து வரும் ஆண்கள் அவற்றை வாடகைக்கு எடுத்து மீன் பிடிக்கிறார்கள், குடிக்கிறார்கள். ஹீ-ஜின் என்ற பெண்தான் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறாள். படகில் ஆட்களைக் கொண்டுபோய் விடுகிறாள். தூண்டில் இரையும் காபியும் சாப்பாடும் விற்கிறாள். இரவில் தன் உடலையும் விற்கிறாள். காபி கொண்டுவரும் சாக்கில் வேறு பெண்களும் பாலியல் தொழிலுக்காக அங்கே அழைத்துவரப்படுகிறார்கள். காதலியைக் கொன்றுவிட்டுச் சாக வந்த ஒரு முன்னாள் போலீஸ்காரன் அங்கே தங்குகிறான். அவனுக்கும் அவளுக்கும் இடையே உருவாகும் உறவுதான் கதை. அவன் தூண்டில் முட்களை விழுங்கித் தற்கொலைக்கு முயல்கிறான். பிறகு அவன் அவளை விட்டுப் போகும்போது, அவள் அதே முட்களைத் தன் பிறப்புறுப்பில் செலுத்திக்கொள்கிறாள். அவளது அலறல் கேட்டு அவன் திரும்பி வருகிறான்.

வெனிஸ் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இது திரையிடப்பட்டபோது பார்வையாளர்கள் தாங்க முடியாமல் தவித்ததாகச் செய்திகள் வந்தன. விலங்குகளை உண்மையிலேயே வதைத்த காட்சிகளைப் பிரிட்டனின் தணிக்கை அமைப்பு வெட்டியது. கொரியாவில் படம் ஓடவில்லை. வெளிநாட்டு விழாக்களில் கொண்டாடப்பட்டது. பிறகு டிவிடி வழியாக நம்மிடமும் வந்து சேர்ந்தது. கேரளத்தில் அவர் ஒரு நட்சத்திரமாகவே ஆனார். 2013-இல் திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்கு அவரே வந்தபோது இளைஞர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

இந்தப் படத்தால் ஏமாற்றமடைந்தவர்களை எல்லோரும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். "ரசனை இல்லாதவர்கள்" என்பது அந்தக் கூடையின் பெயர். உள்ளே பார்த்தால் குறைந்தது மூன்று விதமான ஏமாற்றங்கள் இருக்கின்றன.

முதலாவது, 'சீன்' பார்க்க வந்தவரின் ஏமாற்றம். இவரைக் கேலி செய்வது எளிது. ஆனால் ஒரு நாட்டுப் பையன்களுக்குப் பாலியல் பற்றிப் பள்ளியில் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்க மாட்டோம், வீட்டில் பேச மாட்டோம், ஆணும் பெண்ணும் சாதி மாறிக் காதலித்தால் வெட்டிப் போடுவோம், பிறகு அவன் ஒரு கொரியப் படத்தில் அதைத் தேடினால் சிரிப்போம் என்றால், அது என்ன நியாயம்? அவன் தேடியது தவறான இடத்தில் என்று சொல்லலாம். தேடியதே இழிவு என்று சொல்ல நமக்குத் தகுதியில்லை. இன்னொன்று, அவன் ஏமாந்ததில் அந்தப் படத்துக்கு ஒரு வெற்றி இருக்கிறது. அந்தப் படத்தில் வரும் உடலுறவு பெரும்பாலும் கிளர்ச்சி தருவதாக இல்லை. அது ஒரு வியாபாரம். ஒருவன் காசு கொடுக்கிறான், ஒருத்தி வேலை செய்கிறாள். பார்க்கிறவனுக்குக் குமட்டினால், அவன் எதை எதிர்பார்த்து வந்தானோ அதைப் பற்றி அவனுக்கே ஒரு கேள்வி எழுந்திருக்கிறது என்று அர்த்தம். தம்பி "குமட்டுச்சு" என்று சொன்னாரே, அந்த இடத்தில்தான் நாம் பேச்சைத் தொடங்கியிருக்க வேண்டும். நாங்கள் முடித்துவிட்டோம்.

இரண்டாவது, "ஒரே ஸ்லோ" என்ற ஏமாற்றம். பட்டறைக்காரர் சொன்னதை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். படகு போகிறது, வருகிறது. அது யாருடைய படகு? அதை ஓட்டுவது யார்? காலையில் இரை, மதியம் சோறு, மாலையில் காபி, இரவில் உடல். ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை போய் ஒரு முறை வர வேண்டும். அந்தப் படத்தின் மெதுவான நடை என்பது வேறொன்றுமில்லை, ஒரு பெண்ணின் அன்றாட வேலை. மிதவையில் உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்கு அது ஓய்வு நேரம். அவளுக்கு அது வேலை நேரம். இதை அந்த அறையில் முதலில் கண்டுபிடித்தது, பகல் முழுக்கப் பட்டறையில் அதே நட்டையும் போல்ட்டையும் கழற்றி மாட்டிய மனிதர். அவர் அதைப் புகாராகச் சொன்னார். நாங்கள் அதை விமர்சனமாக எடுத்துக்கொண்டு, "ஆமாம், ஏன் போகிறது, ஏன் வருகிறது?" என்று கேட்டிருந்தால், பனிமூட்டத்தின் அழகைப் பற்றிப் பேசியதைவிட அதிகம் கற்றிருப்போம்.

மூன்றாவது ஏமாற்றம் அந்த ஆசிரியையுடையது. அதுதான் ஆழமானது. அதுதான் சரியானது என்றும் இன்று நினைக்கிறேன்.

ஹீ-ஜின் பேசுவதில்லை. சரி, ஒரு பாத்திரம் பேசாமல் இருக்கலாம். ஆனால் அவள் வலி மட்டும் நன்றாகப் பேசுகிறது. அவள் ஏன் அங்கே இருக்கிறாள், எங்கிருந்து வந்தாள், சம்பாதிக்கும் காசில் என்ன செய்கிறாள், எதற்குமே படத்தில் இடமில்லை. ஆனால் அவள் உடலைக் கிழிப்பதற்கு இடம் இருக்கிறது. எதற்காக? போன ஆணைத் திரும்பி வரவைப்பதற்காக. அந்தப் போலீஸ்காரனுக்கு ஒரு கடந்த காலம் உண்டு, குற்ற உணர்வு உண்டு, கனவு உண்டு. அவளுக்கு உடல் மட்டும்தான் உண்டு. அவன்மேல் அன்பு வைக்கும் இன்னொரு இளம்பெண், காபி கொண்டுவருகிறவள், தண்ணீரில் மூழ்கிச் சாகிறாள். படம் அவளுக்காக நிற்காமல் நகர்ந்துவிடுகிறது. கடைசிக் காட்சியில் நாணல் புதரும் பெண்ணின் நிர்வாண உடலும் ஒன்றாகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் அவ்வளவு நேரம் உழைத்த ஒரு பெண்ணைக் கடைசியில் ஒரு நிலப்பரப்பாக மாற்றிவிட்டார்கள். ஆண் போய்ச் சேரும் தீவு அவள். அவளுக்குத் தீவு எது என்று யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் சாதி ஒழிப்புப் பேசுகிறவர்கள் கொரிய வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. அங்கேயும் பிறப்பை வைத்து இழிவு சுமத்திய ஒரு முறை இருந்தது. ஜோசோன் ஆட்சிக் காலத்தில் 'சோன்மின்' என்று ஒரு கடைநிலைப் பிரிவு. இறைச்சி வெட்டுகிற பேக்ஜோங் மக்கள் அதில் இருந்தார்கள். ஆண்டைகளையும் அதிகாரிகளையும் ஆடிப்பாடி மகிழ்விக்க வேண்டிய கிசேங் பெண்களும் அதில் இருந்தார்கள். கிசேங்கின் மகள் கிசேங். 1894 சீர்திருத்தங்களில் சட்டப்படி இந்தப் பிரிவினை ஒழிக்கப்பட்டது. ஆனாலும் இழிவு போகவில்லை. அதனால்தான் 1923-இல் ஜின்ஜு நகரில் பேக்ஜோங் மக்களின் விடுதலைக்காக 'ஹியோங்பியோங்சா' என்ற சமத்துவ இயக்கம் தொடங்கப்பட்டது. தராசுத் தட்டுகள் சமமாக நிற்பது என்பது அந்தப் பெயரின் கருத்து. காபி கொண்டுவரும் பெண்ணைக் காபியோடு சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு கிம் கி டுக்கின் கற்பனையில் பிறந்ததல்ல. சிலருடைய உடல் மற்றவர்களின் பொழுதுபோக்குக்கானது என்று பல நூறு வருடம் பழகிய சமூகத்தின் எச்சம் அது. தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் கொண்டுவரப் போராட வேண்டியிருந்த நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. அந்த இழிவைப் படம் காட்டுகிறது. ஆனால் அதை விசாரிக்கவில்லை என்பதுதான் என் குறை.

இனி இயக்குநருக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஏனென்றால் கிம் கி டுக் மேல்தட்டிலிருந்து வந்தவர் அல்லர். பதின்ம வயதிலேயே ஆலை வேலைக்குப் போனவர். கடற்படைப் பிரிவில் ஐந்து வருடம் இருந்தவர். திரைப்படக் கல்லூரிப் பக்கம் போகாதவர். பிரான்சுக்குப் போய்ப் படம் வரைந்து பிழைத்தவர். முப்பத்தைந்து வயதைக் கடந்துதான் 1996-இல் முதல் படம் எடுத்தார். படித்தவர்களின் கொரியத் திரையுலகம் அவரைத் தன்னவராக ஏற்கவில்லை. அந்த மனிதர் 2012-இல் 'பியேட்டா' படத்துக்காக வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கினார். உலகின் மூன்று பெரிய திரைப்பட விழாக்களில் ஒன்றின் உயரிய விருதை ஒரு கொரியப் படம் வென்றது அதுவே முதல் முறை. இதைப் படித்தால் நம்மில் யாருக்கும் நெஞ்சு நிமிரும். எனக்கும் நிமிர்ந்தது. அவரை விட்டுக்கொடுக்க மனம் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் 2006-இல் ஒன்று நடந்தது. போங் ஜூன்-ஹோவின் 'தி ஹோஸ்ட்' வந்து ஒரு கோடியே முப்பது லட்சம் பேருக்கு மேல் பார்த்த ஆண்டு அது. கொரியாவின் மக்கள் தொகையே அப்போது ஐந்து கோடிக்குள்தான். கிம் கி டுக்கின் படங்களுக்கோ சொந்த நாட்டில் அரங்கு கிடைப்பதே பாடு. ஒரு பெரிய படம் அறுநூறு திரைகளுக்கு மேல் பிடித்துக்கொண்டால் சின்னப் படம் எங்கே போகும் என்று அவர் கோபப்பட்டிருந்தால் அது நியாயமான கோபம். ஆனால் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் அவர் பேசியது வேறு தொனியில் இருந்தது. கொரிய சினிமாவின் தரமும் கொரிய ரசிகர்களின் தரமும் சந்தித்த புள்ளிதான் அந்தப் படத்தின் வெற்றி என்று பொருள்படச் சொன்னார். கடும் எதிர்ப்பு எழுந்தது. பிறகு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

ஆலையிலிருந்து வந்தவர், தன் படத்துக்கு வராத மக்களைத் தரம் பிரித்தார். இதில் வியக்க ஒன்றுமில்லை. படிநிலை ஏற்றத்தாழ்வு என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கியதை நாம் சாதிக்கு மட்டும் பொருத்திப் பார்க்கிறோம். ஒவ்வொருவனுக்கும் காலடியில் மிதிக்க இன்னொருவனைக் கொடுத்துவிட்டால் முழு ஏணியையும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதுதானே அது? ரசனையும் அப்படியான ஒரு ஏணிதான். பேராசிரியர் என்னைப் பார்த்தார், நான் பட்டறைக்காரரைப் பார்த்துச் சிரித்தேன். அன்று மாடியில் எனக்குக் கிடைத்த இடம் அந்தச் சிரிப்பால் வாங்கியது.

அந்தச் சிரிப்புக்கும் அமைதிக்கும் விலை இருந்தது. அதை நாங்கள் கொடுக்கவில்லை. வேறு யாரோ கொடுத்தார்கள்.

கொரியாவின் பெண்ணிய விமர்சகர்கள் 2000-களின் தொடக்கத்திலிருந்தே அவருடைய படங்களில் பெண்கள் நடத்தப்படும் விதத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதிவந்தார்கள். வெளிநாட்டு விழாக்களும், விழாக்களைப் பார்த்துச் சூடுபோட்டுக்கொள்ளும் நம் மாடி அறைகளும் அதைக் காதில் வாங்கவில்லை. 2017-இல் ஒரு நடிகை புகார் கொடுத்தார். 2013-இல் வந்த 'மோபியஸ்' படப்பிடிப்பில் இயக்குநர் தன்னை அறைந்ததாகவும், ஒப்புக்கொள்ளாத பாலியல் காட்சியில் நடிக்கக் கட்டாயப்படுத்தியதாகவும் சொன்னார். அடித்ததற்காக ஐம்பது லட்சம் வோன் அபராதம் விதிக்கப்பட்டது. பாலியல் குற்றச்சாட்டுகள் போதிய ஆதாரம் இல்லையென்று கைவிடப்பட்டன. 2018 மார்ச்சில் எம்பிசி தொலைக்காட்சியின் புலனாய்வு நிகழ்ச்சியில் வேறு பெண்களும் அவர்மீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகளை வைத்தார்கள். அவர் மறுத்தார். நடிகைமீதும் தொலைக்காட்சிமீதும் பெருந்தொகை நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 2020 அக்டோபரில் அந்த வழக்கில் தோற்றார். அதே ஆண்டு டிசம்பரில் லாத்வியாவில் கொரோனா தொற்றால் இறந்துபோனார். பாலியல் குற்றச்சாட்டுகளில் எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் சொல்ல வருவது அவருக்கான தீர்ப்பு அல்ல. நமக்கான கேள்வி. "அந்தப் பொண்ணு ஏன் பேசல?" என்று ஒரு ஆசிரியை கேட்டபோது அவரைக் கவித்துவத்தால் வாயடைத்த நாம், அதே கேள்வியைப் படப்பிடிப்புத் தளத்தில் ஒரு நடிகை கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்போம்? கலைக்காகத் தாங்கிக்கொள் என்றுதானே? திரையில் வலிக்கும் உடல் ஒரு தொழிலாளியின் உடல். அவருக்குச் சம்பளம் எவ்வளவு, எதற்கு ஒப்புக்கொண்டார், எதற்கு ஒப்புக்கொள்ளவில்லை, மறுத்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளைப் பட்டாசு ஆலைக்கும் துணி ஆலைக்கும் கேட்கும் நாம், படப்பிடிப்புத் தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தோம். கொரியப் பெண்கள் அந்த விலக்கை ஏற்கவில்லை. 2018-இல் திரைத்துறையில் பாலியல் வன்முறைக்கு எதிராக 'துன்துன்' என்ற பாலினச் சமத்துவ மையம் அங்கே தொடங்கப்பட்டது.

"அப்படியானால் மெதுவான படமே வேண்டாமா, பாலியலைப் பேசும் படமே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். அதற்கும் கொரியாவிலேயே பதில் இருக்கிறது.

'தி ஐல்' வந்த அடுத்த ஆண்டு, 2001-இல், ஜியோங் ஜே-உன் என்ற பெண் இயக்குநர் 'டேக் கேர் ஆஃப் மை கேட்' என்றொரு படம் எடுத்தார். இஞ்சியோன் துறைமுக நகரத்தில் பள்ளிப் படிப்பு முடித்த ஐந்து இளம்பெண்கள். வேலை, வறுமை, கைபேசி, ஒரு பூனை. அதுவும் நிதானமான படம்தான். அதுவும் வசூலில் தோற்றது. அரங்குகள் சீக்கிரமே தூக்கிவிட்டன. ஆனால் அதைப் பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. மீண்டும் திரையிடு என்று இயக்கமே நடத்தினார்கள். கொரிய ரசிகர்களுக்குப் பொறுமை இல்லை என்று சொன்னவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? தங்களைத் திரையில் பார்த்தால் மக்கள் மெதுவாகவும் நடப்பார்கள்.

லீ சாங்-டாங்கின் 'பொயட்ரி' 2010-இல் வந்தது. அதுவும் மெதுவான படம். பள்ளி மாணவர்கள் ஆறு பேர் ஒரு சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்கிறார்கள், அவள் ஆற்றில் விழுந்து சாகிறாள். அந்தக் கொடுமை ஒரு நொடிகூடத் திரையில் காட்டப்படுவதில்லை. பையன்களின் அப்பாக்கள் உணவகத்தில் உட்கார்ந்து, வீட்டுக்கு ஐம்பது லட்சம் வோன் போட்டுப் பெண்ணின் தாயை வாயடைக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். அவர்களில் ஒருவனின் பாட்டி, வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை செய்து பிழைக்கும் ஒரு மூதாட்டி, அந்தக் கணக்கில் உட்கார முடியாமல் எழுந்து வெளியே போகிறாள். ஐம்பது லட்சம் வோன் என்ற தொகையைப் படிக்கும்போது எனக்கு அந்த அபராதம் நினைவுக்கு வரும். இந்தப் படத்திலும் மௌனம் உண்டு. ஆனால் அது செத்துப்போன சிறுமிக்காகப் பாட்டி சுமக்கும் மௌனம்.

எனவே தம்பிமார்களுக்கும் தங்கைமார்களுக்கும் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு படம் சலித்தால், சலித்தது என்று சொல்லுங்கள். குமட்டினால், குமட்டியது என்று சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். ஆனால் அதோடு நிறுத்தவும் வேண்டாம். எதை எதிர்பார்த்து உட்கார்ந்தேன், அந்த எதிர்பார்ப்பை எனக்குள் வைத்தது யார், திரையில் யார் வேலை செய்கிறார், யார் பேசுகிறார், யாருக்குப் பேச்சு மறுக்கப்பட்டது என்று அடுத்தடுத்துக் கேளுங்கள். உங்கள் ஏமாற்றம் சோம்பலால் வந்ததா, நியாயத்தால் வந்ததா என்று அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும். சில நேரம் படம் வெல்லும். சில நேரம் நீங்கள் வெல்வீர்கள். எந்த அறிஞர் பெயரைச் சொன்னாலும், எந்த விருதைக் காட்டினாலும், உங்கள் அறிவுக்கு ஒப்பாததை ஒப்புக்கொள்ளாதீர்கள் என்பது பெரியார் நமக்குக் கொடுத்த பாடம். அது கோயிலுக்கு மட்டுமல்ல, திரைப்பட விழாவுக்கும் பொருந்தும்.

மூத்த தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திரையிடல் நடத்தினால் முதல் பேச்சைப் படம் பிடிக்காதவருக்குக் கொடுங்கள். சிரிக்காதீர்கள். ரசனை என்பதை இன்னொரு பூணூலாக்கி யாருக்கும் மாட்டிவிடாதீர்கள். நாமும் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அடுத்த மாதம் எங்கள் வட்டத்தில் 'பொயட்ரி' திரையிடுகிறோம். முதலில் பேசச் சொல்லி அந்தத் தம்பியிடம் கேட்டிருக்கிறேன். "ஸ்லோவா இருந்தா என்ன சொல்றது?" என்றார். "ஸ்லோன்னு சொல்லு. ஏன்னு நாங்க கேப்போம்" என்றேன். அந்தப் பட்டறை இப்போது அங்கே இல்லை. அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்றும் தெரியவில்லை. இருந்திருந்தால் அவரையும் மாடிக்குக் கூப்பிட்டிருப்பேன். இந்த முறை சிரிக்காமல் கேட்டிருப்பேன்.